34,000 பக்கம் சரி, எந்த அளவுப் பக்கம்? ஒரு பூட் வரி 256 ஜிபி மெமரியை முடக்கிய கதை

256 ஜிபி மெமரி உள்ள ஒரு டேட்டாபேஸ் சர்வர். கர்னல் பேட்ச் போட்டு ரீபூட் செய்தார்கள், போஸ்ட்கிரெஸ் ஒழுங்காகவே எழுந்தது, கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. காலையில் ஆட்கள் வேலைக்கு வந்து இணைப்புகள் ஏற ஏற ஓஓஎம் கில்லர், அதாவது மெமரி தீர்ந்தால் ப்ராசஸ்களைக் கொன்று இடம் பிடிக்கும் கர்னல் பகுதி, டேட்டாபேஸ் ப்ராசஸ்களைக் கொல்ல ஆரம்பித்தது. போஸ்ட்கிரெஸில் ஒரு பேக்எண்ட் (ஒரு இணைப்பைக் கவனிக்கும் ப்ராசஸ்) இப்படி அடிபட்டுச் செத்தால், எல்லா ப்ராசஸ்களும் பகிரும் ஷேர்டு மெமரி கெட்டிருக்கலாம் என்று தலைமை ப்ராசஸான போஸ்ட்மாஸ்டர் மற்ற எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டு ரெகவரிக்குப் போய்விடும். ஆக ஒரு ப்ராசஸ் செத்தாலும் எல்லோருக்கும் வேலை நின்றது, அதுவும் திரும்பத் திரும்ப.

குழப்பியது என்னவென்றால், மெமரியைத் தின்பது யார் என்று யாராலும் காட்ட முடியவில்லை. 'டாப்' போட்டு மெமரி வாரியாக வரிசைப்படுத்தினால் மேலே இருப்பதுகூட சில நூறு எம்பிதான், எல்லா ப்ராசஸ்களையும் கூட்டினாலும் பத்து ஜிபியை எட்டாது. ஆனால் 'ஃப்ரீ' கமாண்ட் கிட்டத்தட்ட மொத்த மெமரியும் பயன்பாட்டில் இருப்பதாகச் சொன்னது. கர்னல் பேட்ச்தான் புதிது, அதனால் கர்னலில் மெமரி லீக் என்று முடிவு கட்டி, பழைய கர்னலுக்குத் திரும்பிப் போனார்கள். அங்கேயும் அதே கதை. அந்தக் கட்டத்தில்தான் பார்க்கச் சொல்லி என்னிடம் வந்தது.

நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நடந்தது எந்த லினக்ஸ் சர்வரிலும் நடக்கக்கூடியது. சம்பந்தப்பட்ட இரண்டு அமைப்புகளும் தனித்தனியாகப் பார்த்தால் சரியானவைதான், இரண்டும் ஒரே கணினியில் சேர்ந்தபோதுதான் வம்பு வந்தது.

ஹியூஜ் பேஜ் அங்கே ஏன் வந்தது

இதை விளக்காமல் மேலே போக முடியாது, கொஞ்சம் கணக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்86-64 கணினியில் மெமரி 4 கேபி பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ப்ராசஸ் பயன்படுத்தும் முகவரி நிஜமான ரேமில் எங்கே இருக்கிறது என்பதைப் பக்கத்துக்கு ஒரு பதிவாகப் பேஜ் டேபிள் குறித்து வைக்கிறது, ஒரு பதிவுக்கு 8 பைட். இந்த சர்வரில் போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்ஸ், அதாவது தரவை வைத்துக்கொள்ளும் பொது மெமரி, 64 ஜிபி. 64 ஜிபியை 4 கேபியால் வகுத்தால் 1,67,77,216 பக்கம், ஆளுக்கு 8 பைட் என்றால் 128 எம்பி. கேட்க பெரிதாகத் தோன்றாது.

ஆனால் போஸ்ட்கிரெஸ் ஒரு இணைப்புக்கு ஒரு ப்ராசஸ் என்ற கணக்கில் ஓடுவது. 64 ஜிபி பொதுவானது, பேஜ் டேபிள் பொதுவானதல்ல, ஒவ்வொரு ப்ராசஸும் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளும். இங்கே 400 இணைப்புகள், அதுவும் பூலிங்கால் நாள் முழுக்க உயிரோடு இருப்பவை. நீண்ட நாள் வாழும் இணைப்பு மெல்ல மெல்ல பஃபர் முழுவதையும் தொட்டுவிடும். எல்லாமும் முழுவதையும் தொட்டால் 400 முறை 128 எம்பி, அதாவது 50 ஜிபி. எந்தத் தரவும் இல்லாமல், தரவு எங்கே இருக்கிறது என்று எழுதி வைப்பதற்கு மட்டும் 50 ஜிபி! நிஜத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை என்றாலும் கர்னல் தன் மெமரிக் கணக்கைக் காட்டும் /ப்ராக்/மெம்இன்ஃபோவில் பேஜ்டேபிள்ஸ் என்ற வரி 30 ஜிபியைத் தாண்டியிருந்ததை அங்கே முன்பு இருந்த ஒரு டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) கவனித்திருக்கிறார். அந்த வரியைப் பார்க்கிறவர்கள் குறைவு, அவருக்கு ஒரு கும்பிடு.

இதற்கு மருந்துதான் ஹியூஜ் பேஜ், அதாவது பெரிய பக்கம். பக்கத்தை 2 எம்பி ஆக்கினால் இதே 64 ஜிபிக்கு 32,768 பதிவுதான், ப்ராசஸுக்கு 256 கேபி. 400 இணைப்புக்கும் சேர்த்து 100 எம்பியில் முடிந்துவிடும். ப்ராசஸர் முகவரிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் டிஎல்பியிலும் லாபம்: ஸ்கைலேக் தலைமுறை இன்டெல் சிப்பில் இரண்டாம் நிலை டிஎல்பியில் 1,536 இடம் உண்டு, 4 கேபி பக்கமாக இருந்தால் அது 6 எம்பியைத்தான் மூடும், 2 எம்பியாக இருந்தால் 3 ஜிபியை மூடும்.

அதனால் அந்த டிபிஏ, ஓடும் கர்னலின் அமைப்புகளை எழுதி வைக்கும் சிஸ்கன்ட்ரோல் கோப்பில் ஒரு வரி போட்டார்: விஎம்.என்ஆர்_ஹியூஜ்பேஜஸ் = 34000. எண்ணும் சரியானதே. 64 ஜிபி பஃபர் என்றால் 32,768 பக்கம் மட்டும் போதாது, ஒவ்வொரு பஃபருக்கும் உள்ள விவரக் குறிப்பு, ஹேஷ் டேபிள், லாக் டேபிள் எல்லாம் சேர்ந்து இன்னும் ஒரு ஜிபிக்கு மேல் வேண்டும். போஸ்ட்கிரெஸ் 15 முதல் இதை நாமே கணக்குப் போட வேண்டியதில்லை, ஷேர்டு_மெமரி_சைஸ்_இன்_ஹியூஜ்_பேஜஸ் என்ற அளபுருவைக் கேட்டால் டேட்டாபேஸே எண்ணைச் சொல்லிவிடும். இங்கே அது 33,400க்குப் பக்கத்தில் வந்தது, கொஞ்சம் தாராளமாக 34,000. ரொம்ப நாள் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓடியது.

பூட் வரிக்கு ஏன் போனார்கள்

ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் 2 எம்பி பக்கம் ஒதுக்க, அடுத்தடுத்து ஒட்டிய 512 சிறு பக்கங்கள் காலியாக வேண்டும். பல நாள் ஓடிய சர்வரில் மெமரி துண்டு துண்டாகக் கிடக்கும். அப்போது என்ஆர்_ஹியூஜ்பேஜஸில் 34000 என்று எழுதினால் கர்னல் முடிந்தவரை சேர்த்துவிட்டு, உதாரணமாக 29,000 கிடைத்ததும் நின்றுவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். போஸ்ட்கிரெஸின் ஹியூஜ்_பேஜஸ் அமைப்போ வழக்கமாக 'ட்ரை' என்று இருக்கும், அதாவது பெரிய பக்கம் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் 4 கேபிக்கு இறங்கிவிடும். ஒதுக்கிய 29,000 பக்கம் யாருக்கும் பயனில்லாமல் கிடக்க, அதற்கு வெளியே 65 ஜிபியை டேட்டாபேஸ் சிறு பக்கங்களில் எடுத்துக்கொள்ளும். இரட்டைச் செலவு. இங்கே ஒருமுறை இப்படித்தான் ஆகியிருக்கிறது.

அதனால் "பூட் ஆகும்போதே ஒதுக்கிவிட்டால் துண்டுபடும் பேச்சே இல்லையே" என்று யாரோ யோசித்தது முழுக்க நியாயம். கர்னல் எழும்போது மெமரி முழுசாகக் காலியாக இருக்கும், கேட்டது கிடைக்கும். அதற்காகவே பூட் வரியில், அதாவது எழும்போது கர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில், போடும் அளபுருக்கள் மூன்று இருக்கின்றன: வழக்கமான அளவு எது என்று சொல்ல டீஃபால்ட்_ஹியூஜ்பேஜ்எஸ்இசட், எந்த அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்ல ஹியூஜ்பேஜ்எஸ்இசட், எத்தனை வேண்டும் என்று சொல்ல ஹியூஜ்பேஜஸ்.

நியாயம் இல்லாதது அடுத்த அடி. எங்கிருந்தோ ஒரு முழு வரியை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள்:

டீஃபால்ட்_ஹியூஜ்பேஜ்எஸ்இசட்=1ஜி ஹியூஜ்பேஜ்எஸ்இசட்=1ஜி ஹியூஜ்பேஜஸ்=66

இந்த வடிவம் டிபிடிகே ஆவணங்களைப் படித்தவர்களுக்குப் பழகியது. நெட்வொர்க் பாக்கெட்டுகளை கர்னலைத் தாண்டிக் கையாளும் அந்த மென்பொருளின் லினக்ஸ் வழிகாட்டியில் இதே மூன்று துண்டுகளும் கடைசி எண் மட்டும் 4 என்று உதாரணமாக வரும். அங்கே அது பொருத்தமானது, கணினியே அந்த ஒரு வேலைக்குத்தான். இங்கே 66 என்று மாற்றினார்கள், 65.3 ஜிபி தேவைக்கு 66 பக்கம், கணக்கு சரி. கர்னலை ஏற்றிவிடும் மென்பொருளான கிரப்பில் சேர்த்தார்கள், அவசரமில்லை என்று ரீபூட் செய்யவில்லை. வாரங்கள் கழித்து கர்னல் பேட்சுக்காக ரீபூட் ஆனபோதுதான் அந்த வரி உயிர் பெற்றது. அதற்குள் அதைச் சேர்த்த நினைவே யாருக்கும் இல்லை. பூட் அளபுருக்களின் பெரிய சங்கடமே இதுதான் என்பேன். மாற்றம் ஒரு நாளில், விளைவு வேறொரு நாளில், நடுவில் வேறு ஏதாவது ஒன்று வந்து பழியை ஏற்றுக்கொள்ளும்.

லாக்கிலேயே இருந்த விடை

முதலில் பூட் லாக்கைப் பார்த்தேன். ஹியூஜ்டிஎல்பி (ஹியூஜ் பேஜைக் கவனிக்கும் கர்னல் பகுதி) 1 ஜிபி அளவைப் பதிவு செய்தது, 66 பக்கம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது என்று கர்னல் தெளிவாகச் சொல்லியிருந்தது. கேட்டது 66, கிடைத்தது 66. இதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே இருந்தவர்கள் ஹியூஜ் பேஜ் மேல் சந்தேகமே படவில்லை.

ஆனால் ஓஓஎம் கில்லர் ஒவ்வொரு முறையும் கொட்டும் நீளமான அறிக்கையின் நடுவில், நியூமா நோடு (ப்ராசஸரும் அதன் பக்கத்து மெமரியும் சேர்ந்த ஒரு பகுதி) வாரியாக ஹியூஜ் பேஜ் நிலவரமும் இருக்கும். பெரும்பாலும் எல்லோரும் கடைசி வரிக்கு, எந்த ப்ராசஸ் செத்தது என்பதற்குத்தான் ஓடுவார்கள். இங்கே நடுவில் ஹியூஜ்பேஜஸ்_டோட்டல்=122, அளவு 1048576 கேபி என்று முதல் நோடுக்கு, இரண்டாவது நோடுக்கும் அதே மாதிரி. இரண்டும் சேர்த்து 244. /ப்ராக்/மெம்இன்ஃபோவும் அதையே சொன்னது. பூட்டில் 66, இப்போது 244. அப்படியென்றால் பூட்டுக்கும் இப்போதைக்கும் நடுவில் யாரோ 178 ஜிபியைக் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள்.

யாரோ அல்ல, பழைய சிஸ்கன்ட்ரோல் வரிதான். விஎம்.என்ஆர்_ஹியூஜ்பேஜஸ் என்பது "2 எம்பி பக்கம் எத்தனை" என்று கேட்கும் அமைப்பு இல்லை, "வழக்கமான அளவுப் பக்கம் எத்தனை" என்று கேட்பது. வழக்கமான அளவு எது என்பதைப் பூட் வரி தீர்மானிக்கிறது. அங்கே 1ஜி என்று மாற்றிய கணத்திலிருந்து அதே 34000, 66 ஜிபி என்ற பொருளை இழந்து 34,000 ஜிபி என்றாகிவிட்டது. சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி பூட்டின் ஆரம்பத்திலேயே, மெமரி இன்னும் காலியாக இருக்கும் நேரத்தில் அந்தக் கோப்பைப் படித்து கர்னலிடம் கொடுக்கிறது. கர்னலும் மறுபேச்சு இல்லாமல் 1 ஜிபி 1 ஜிபியாகச் சேர்த்துக்கொண்டே போய், ஒட்டிய ஒரு ஜிபிகூட மிச்சமில்லை என்ற இடத்தில் நின்றிருக்கிறது. முன்பு 34,000க்குப் பதில் 29,000 கொடுத்துவிட்டு எப்படி பேசாமல் இருந்ததோ, அப்படியே இங்கேயும் 34,000க்குப் பதில் 244 கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தது.

(ஓடும் கணினியில் 1 ஜிபி பக்கம் ஒதுக்குவது 2014இல் வந்த 3.16 கர்னலுக்கு முன்பு முடியாத காரியம். பழைய கர்னலாக இருந்திருந்தால் இந்த விபத்தே நடந்திருக்காது. வசதி கூடும்போது வம்பும் கூடத்தான் செய்கிறது.)

மெமரி ஏன் எந்த ப்ராசஸ் கணக்கிலும் வரவில்லை என்பதற்கும் இதுவே காரணம். ஹியூஜ்டிஎல்பி பக்கங்கள், ஒரு ப்ராசஸ் எவ்வளவு ரேம் பிடித்திருக்கிறது என்று சொல்லும் ஆர்எஸ்எஸ் கணக்கில் சேராது, /ப்ராக்கில் அந்த ப்ராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பில் ஹியூஜ்டிஎல்பிபேஜஸ் என்று தனி வரியாக இருக்கும். டேட்டாபேஸ் எடுத்துக்கொண்ட 66 ஜிபிகூட 'டாப்'பில் தெரியாது, யாருமே தொடாத மீதி 178 ஜிபி எங்கிருந்து தெரியும்? அது ஸ்வாப்புக்குப் போகாது, ஃபைல் கேஷுக்குக் கிடைக்காது, சாதாரண மெமரி கேட்கும் ப்ராசஸுக்கும் கொடுக்கப்படாது. முன்பதிவுப் பெட்டியில் இருக்கை காலியாகவே போகும், பொதுப் பெட்டியில் மூச்சு முட்டும், அந்தக் கதைதான்.

போஸ்ட்கிரெஸ் ஏன் மகிழ்ச்சியாக எழுந்தது என்றால், அதற்கு வேண்டியது இந்த ஒதுக்கப்பட்ட குவியலில்தான் இருந்தது. ஹியூஜ்_பேஜ்_சைஸ் என்று தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால் அது கணினியின் வழக்கமான அளவையே எடுத்துக்கொள்ளும், 1 ஜிபி பக்கம் 66 கேட்டது, கிடைத்தது. பிறகு வந்த 400 இணைப்புகளும், அவை செய்யும் வரிசைப்படுத்தலும் ஹேஷும், பேக்கப், கண்காணிப்பு ஏஜென்ட் எல்லாமும் மிச்சமிருந்த ஏழு ஜிபி சொச்சத்துக்குள் அடித்துக்கொண்டன.

இன்னொரு குழப்பமும் அங்கே கிடைத்தது, சொல்லிவிடுகிறேன். அதே சிஸ்கன்ட்ரோல் கோப்பு, பல சர்வர்களுக்கு அமைப்புகளை அனுப்பும் ஆன்சிபிள் வழியாக ரெப்ளிகா (நகல்) சர்வருக்கும் போயிருந்தது. அங்கே பூட் வரி மாற்றப்படவில்லை, அதனால் 34000 என்றால் இன்னும் 66 ஜிபிதான், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "அதே அமைப்புதான் அங்கேயும் இருக்கிறது, அங்கே ஓடுகிறதே" என்ற வாதத்தால்தான் எல்லோரும் கர்னல் லீக் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய கர்னலுக்குப் போயும் சரியாகாததும் புரிகிறதா? கிரப்பில் பூட் வரி எல்லாக் கர்னலுக்கும் சேர்த்தே போடப்பட்டிருந்தது.

அவசரத்துக்குச் செய்தது

ரீபூட் தேவைப்படவில்லை. கன்சோலில் ரூட்டாக விஎம்.என்ஆர்_ஹியூஜ்பேஜஸை 66 என்று எழுதியதும், யாரும் பயன்படுத்தாத 178 பக்கமும் உடனே விடுதலையாகி சாதாரண மெமரியாகிவிட்டது. டேட்டாபேஸ் பிடித்திருந்த 66 பத்திரமாக இருந்தது. பிறகு கோப்பில் இருந்த வரியை நீக்கினோம், இல்லாவிட்டால் யாராவது சிஸ்கன்ட்ரோலை மறுபடி ஏற்றினால் திரும்ப ஆரம்பிக்கும்.

கன்சோலுக்குள்ளேயே போக முடியாத நிலை என்றால் கிரப் பட்டியலில் 'இ' அழுத்தி அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் வரியைத் திருத்தலாம். இந்தச் சம்பவத்தில் டீஃபால்ட் துண்டையும் அதன் பின்னால் வரும் இரண்டையும் அழித்தாலே போதும், 34000 தன் பழைய பொருளுக்குத் திரும்பிவிடும். உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: கிரப் கோப்பில் இரண்டு வரிகள் இருக்கும், பெயரின் கடைசியில் டீஃபால்ட் என்று முடிவது சாதாரண பூட்டுக்கு மட்டும், மற்றது ரெகவரி பூட்டுக்கும் சேர்த்து. ஹியூஜ் பேஜ் ஒதுக்கீட்டை முதலாவதில் போடுங்கள். மெமரி ஒதுக்கீடு தவறாகி ரெகவரிக்குப் போகும்போது அங்கேயும் அதே ஒதுக்கீடு காத்திருந்தால் என்ன ரெகவரி அது?

1 ஜிபி வேண்டுமா என்ற சண்டை

இதில்தான் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது, ஏனென்றால் "2 எம்பியைவிட 1 ஜிபி பெரிது, அதனால் வேகம்" என்ற நம்பிக்கை அசைக்க முடியாததாக இருந்தது. கணக்கைப் போட்டுக் காட்டினேன். பேஜ் டேபிள் 30 ஜிபியிலிருந்து 100 எம்பிக்கு வந்தது 2 எம்பி பக்கத்தாலேயே நடந்துவிட்டது, 1 ஜிபிக்குப் போனால் மேலும் மிஞ்சுவது அந்த 100 எம்பிதான். 256 ஜிபி கணினியில் 100 எம்பிக்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். டிஎல்பியிலும், முன்னால் சொன்ன ஸ்கைலேக்கில் 1 ஜிபி பக்கங்களுக்கு இரண்டாம் நிலையில் 16 இடம்தான், முதல் நிலையில் 4. அதாவது 16 ஜிபியை மூடும், 2 எம்பியின் 3 ஜிபியைவிட அதிகம்தான், ஆனால் 64 ஜிபியில் எங்கெங்கோ 8 கேபி பிளாக்குகளைத் தேடி ஓடும் ஒரு டேட்டாபேஸுக்கு அது எவ்வளவு உதவும் என்பதை அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. அளந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. டிபிடிகே, பெரிய மெய்நிகர் கணினிகள் இவற்றுக்கு 1 ஜிபி நல்ல தேர்வு. இங்கே என் தீர்ப்பு 2 எம்பி.

இன்னொரு தொல்லை, 1 ஜிபி பக்கங்கள் முழு எண்ணாகத்தான் நகரும். ஷேர்டு பஃபர்ஸைக் கொஞ்சம் கூட்டினாலும் இன்னொரு முழு ஜிபி வேண்டும், ஓடும்போது அது கிடைக்கும் என்று நம்ப முடியாது.

கடைசியில் எழுதியது

ஹியூஜ்பேஜ்எஸ்இசட்=2எம் ஹியூஜ்பேஜஸ்=34000 டிரான்ஸ்பேரன்ட்_ஹியூஜ்பேஜ்=நெவர்

டீஃபால்ட் துண்டு வேண்டுமென்றே இல்லை. எக்ஸ்86இல் வழக்கமான அளவு ஏற்கெனவே 2 எம்பிதான், அதைத் தொடாமல் விட்டால் மற்ற இடங்களில் உள்ள எண்களின் பொருள் மாறாது. நாளை இதே கணினியில் வேறு ஏதாவதற்கு 1 ஜிபி வேண்டுமென்றால் பின்னால் ஹியூஜ்பேஜ்எஸ்இசட்=1ஜி ஹியூஜ்பேஜஸ்=4 என்று இன்னொரு ஜோடி சேர்த்துக்கொள்ளலாம், இரண்டு அளவும் ஒன்றாக இருக்கும்.

வரிசை முக்கியம், இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஹியூஜ்பேஜஸ் என்ற எண் தனக்கு முன்னால் வந்த அளவோடு ஒட்டிக்கொள்ளும். முன்னால் எதுவும் இல்லாமல் முதலிலேயே வந்தால் அது வழக்கமான அளவுக்குப் போய்விடும். ஹியூஜ்பேஜஸ்=256 ஹியூஜ்பேஜ்எஸ்இசட்=2எம் ஹியூஜ்பேஜஸ்=512 என்று எழுதினால் எக்ஸ்86இல் கிடைப்பது 256தான். முதல் எண்ணே 2 எம்பிக்கு உரியதாகிவிட்டதால் 512 புறக்கணிக்கப்பட்டது என்று லாக்கில் ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவே. அளவைத் தப்பாக எழுதினால் அதற்குப் பின்னால் வரும் எண்ணும் சேர்ந்து போகும்.

ரெட்ஹாட் குடும்ப லினக்ஸ் என்பதால் பூட் பதிவுகளைத் திருத்தும் கிரபி கமாண்ட் கொண்டு எல்லாக் கர்னல் பதிவுகளிலும் மாற்றினோம். புதிய பதிப்புகளில் கர்னலுக்கு ஒரு பூட் பதிவுக் கோப்பு தனியாக இருக்கும், கிரப் கோப்பை மட்டும் திருத்திவிட்டு மாறிவிட்டது என்று நம்பக் கூடாது. எது எப்படியோ, ரீபூட் ஆனதும் /ப்ராக்/சிஎம்டிலைனைப் படித்தால் கர்னல் நிஜமாக என்ன கேட்டுக்கொண்டது என்பது தெரிந்துவிடும். இந்த முறை அன்றைக்கே ரீபூட் செய்து பார்த்தோம், தள்ளிப் போடவில்லை.

போஸ்ட்கிரெஸ் பக்கம் ஹியூஜ்_பேஜஸை 'ட்ரை'யிலிருந்து 'ஆன்' ஆக்கினேன். பக்கம் கிடைக்காவிட்டால் டேட்டாபேஸ் எழவே எழாது. சிலருக்கு இது பயமாக இருக்கும், எனக்கோ அரைகுறையாக எழுந்து காலை பத்து மணிக்குச் சாவதைவிட ராத்திரி பராமரிப்பு நேரத்திலேயே எழ மறுப்பது மேல். ஹியூஜ்_பேஜ்_சைஸையும் 2 எம்பி என்று வெளிப்படையாக எழுதினேன், அது போஸ்ட்கிரெஸ் 14 முதல் உண்டு.

எழுந்த பிறகு மெம்இன்ஃபோவைப் பார்த்துப் பதறாதீர்கள். டோட்டல் 34000, ஃப்ரீயும் கிட்டத்தட்ட அதே எண்ணாக இருக்கும், டேட்டாபேஸ் பயன்படுத்தவே இல்லையோ என்று தோன்றும். பக்கத்திலேயே ஆர்எஸ்விடி என்று ஒரு எண் இருக்கும். போஸ்ட்கிரெஸ் எழும்போது தனக்கு இவ்வளவு என்று கேட்டு வைத்துவிடுகிறது, நிஜமாகத் தொடும்போதுதான் ஃப்ரீ குறையும். ஃப்ரீயிலிருந்து ஆர்எஸ்விடியைக் கழித்து வருவதே உண்மையில் யாருக்கும் உரிமையில்லாத மிச்சம்.

டிரான்ஸ்பேரன்ட் பற்றி ஒரு வார்த்தை

"டிஎச்பி (டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜ்) ஏற்கெனவே 'ஆல்வேஸ்', அதாவது எப்போதும் என்பதில்தானே இருக்கிறது, அப்புறம் எதற்கு இந்த ஒதுக்கீடெல்லாம்" என்று அங்கே ஒருவர் கேட்டார், நல்ல கேள்வி. 2011இல் 2.6.38 கர்னலோடு வந்த டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜ், ப்ராசஸின் தனிப்பட்ட மெமரியைத் தானாக 2 எம்பி ஆக்கப் பார்க்கும். போஸ்ட்கிரெஸின் 64 ஜிபியோ ஷேர்டு மெமரி. அதற்கு ஷ்மெம்_எனேபிள்டு என்று தனி அமைப்பு, பொதுவாக 'நெவர்' என்றே இருக்கும். ஆக பெயரில் ஹியூஜ் பேஜ் இருந்தாலும் இந்தச் சிக்கலை அது தொடவே தொடாது. மாறாக, சில லினக்ஸ் பதிப்புகளில் வேகத்தைக் கெடுப்பதாகச் சொல்லி போஸ்ட்கிரெஸ் ஆவணமே அதை ஊக்குவிப்பதில்லை. ரெடிஸ் என்ற டேட்டாபேஸும் எழும்போதே எச்சரிக்கும்: ஃபோர்க் செய்த (தன்னை நகலெடுத்து இன்னொரு ப்ராசஸ் ஆக்கிய) பிறகு ஒரு பைட்டை மாற்றினாலும் 2 எம்பி முழுவதும் நகலெடுக்க வேண்டியிருக்கும். அதேசமயம் எல்லா இடத்திலும் 'நெவர்' போடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மாங்கோடிபி டேட்டாபேஸ் பல ஆண்டுகளாக அணைக்கச் சொல்லிவிட்டு, 8.0இல் மெமரி ஒதுக்கும் முறையை மாற்றியதும் இயக்கச் சொல்கிறது. மென்பொருளைப் பார்த்து முடிவு செய்வதுதான், பொதுவான சர்வரென்றால், கேட்கும் மென்பொருளுக்கு மட்டும் கொடுக்கும் 'எம்அட்வைஸ்' நடுநிலை.

அதைப் பூட் வரியில் போட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. சர்வரின் வேக அமைப்புகளைத் தானாகப் போடும் ட்யூன்ட் சேவையின் ப்ரொஃபைல்கள் சில, எழுந்த பிறகு டிஎச்பியைத் தன் விருப்பத்துக்கு மாற்றும். ஆனால் பூட் வரியில் ஏற்கெனவே அந்த அளபுரு இருந்தால், அதைப் பார்த்துவிட்டு ட்யூன்ட் ஒதுங்கிக்கொள்ளும். பூட்டின்போது ஓடும் ஆர்சி.லோக்கல் கோப்பில் 'எக்கோ' போட்டு ட்யூன்டோடு ஓட்டப்பந்தயம் விடுவதைவிட இது நிம்மதி.

கர்னல் விழுந்தால் மெமரியை நகலெடுத்து வைக்கும் கேடம்ப் வைத்திருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள். விபத்து நேரத்தில் எழும் அந்தக் குட்டிக் கர்னலுக்குச் சில நூறு எம்பிதான் இருக்கும், அதற்கும் 34000 பக்கம் ஒதுக்கு என்று போனால் டம்ப்பே எடுக்க முடியாது. ரெட்ஹாட் இயல்பமைப்பில் ஹியூஜ்பேஜஸ், ஹியூஜ்பேஜ்எஸ்இசட் இரண்டையும் நீக்கிவிட்டே அந்தக் கர்னலுக்கு வரியைக் கொடுக்கும். அங்கே அந்த நீக்கல் பட்டியலை யாரோ கையால் திருத்தியிருந்தார்கள், திரும்ப வைத்தோம்.

இரண்டு நோடு உள்ள கணினி என்பதால் 34,000 பக்கமும் ஆளுக்கு 17,000 என்று பிரிந்தது, டேட்டாபேஸுக்கு அதுவே போதும். எந்த நோடில் எத்தனை என்று நாமே சொல்ல வேண்டுமென்றால் புதிய கர்னல்களில் ஹியூஜ்பேஜஸ்=0:17000,1:17000 என்பது போல நோடைக் குறித்தே எழுதலாம்.

பேசி முடிக்கும்போது, அடுத்த ரெப்ளிகாவை ஆர்ம் சர்வரில் வைக்கப்போகிறோம் என்றார்கள், 64 கேபி பக்கக் கர்னலோடு. அங்கே வழக்கமான ஹியூஜ் பேஜ் அளவு 2 எம்பி இல்லை, 512 எம்பி. பழைய ஆன்சிபிள் கோப்பு அப்படியே போயிருந்தால், பூட் வரியில் யாரும் கையே வைக்காமல், அந்த 34000 சுமார் 17 டிபி கேட்டிருக்கும். ஹியூஜ்பேஜ்எஸ்இசட்=2எம் என்று அளவோடு எழுதிய ஜோடி மட்டும் அங்கேயும் 66 ஜிபியாகவே இருக்கும், ஏனென்றால் அந்தக் கர்னலுக்கும் 2 எம்பி தெரிந்த அளவுதான், வழக்கமான அளவாக இல்லை, அவ்வளவே. போஸ்ட்கிரெஸிலும் 2 எம்பி என்று எழுதியாயிற்று. ஆன்சிபிளில் விஎம்.என்ஆர்_ஹியூஜ்பேஜஸ் இருந்த எல்லா இடத்திலும் அந்த வரியை எடுத்துவிட்டோம்.